வாள் விற்காத கொல்லர்கள்

வரலாற்றைக் களமாகக் கொண்ட சாகசக் கணினி விளையாட்டுகளில் கொல்லர் பெரும்பாலும் ஒரு கடைக்காரராகவே தோன்றுகிறார். யூபிசொஃப்ட் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட் 2’ என்னும் விளையாட்டு 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி இத்தாலியில் நிகழ்கிறது. அதன் நாயகனான எட்சியோ புளோரன்சிலும் வெனிசிலும் தெருவோரத்துக் கொல்லர் கடைகளுக்குப் போய், அங்கே ஆயத்தமாக இருக்கும் வாள்களையும் குறுவாள்களையும் மார்புக்கவசம், தோட்கவசம் முதலியவற்றையும் காசு கொடுத்து வாங்கி அந்த இடத்திலேயே அணிந்துகொள்கிறான். சண்டையில் கவசம் சிதைந்தால் அதே கடையில் பணம் கட்டிச் செப்பனிடலாம். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘பிரதர்ஹூட்’ ரோம் நகரில் பூட்டிக் கிடக்கும் கொல்லர் கடைகளை ஆடுபவரே தம் பணத்திற் புதுப்பித்துத் திறக்கவும் இடம் கொடுத்தது. 1274ஆம் ஆண்டு மங்கோலியப் படையெடுப்பைக் களமாகக் கொண்ட ‘கோஸ்ட் ஒவ் சுஷிமா’ (2020) வாள் செய்பவர், கவசம் செய்பவர், வில் செய்பவர் என்று தொழில்களைப் பிரித்துக் காட்டும் அளவுக்குக் கவனம் எடுத்துக்கொண்டதாயினும், அங்கும் வேண்டிய பொருள்களைக் கையளித்த கணமே வேலை முடிந்து ஆயுதம் கைக்கு வந்துவிடுகிறது.

இந்த உருவம் வரலாற்றிலிருந்து வந்ததன்று. விளையாட்டின் தேவையிலிருந்து பிறந்தது. ஆடுபவர் பகைவரை வென்றும் பெட்டகங்களைத் திறந்தும் காசு சேர்த்துக்கொண்டே போவதால், அந்தக் காசுக்கு ஒரு செலவு வழி இல்லாவிட்டால் அது விரைவிலேயே பொருளற்றதாகிவிடும். ஆகவே விலை கூடக் கூட வலிமையும் கூடும் ஆயுத வரிசையொன்றை ஒரு கடையில் வைத்து, அதை வாங்கும் ஆவலையே மேலும் விளையாடுவதற்கான தூண்டுதலாக வடிவமைப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். 1986இல் யப்பானில் வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டிலேயே ஆயுதமும் கவசமும் விற்கும் கடை இருந்தது. ஆனால் அங்கே விற்றவர் வணிகர். பத்தாண்டுகள் கழித்து வந்த ‘டியாப்லோ’வில் கிறிஸ்வோல்ட் என்ற கொல்லர் தாமே ஆயுதங்களை விற்று, பழுதையும் பார்த்துக் கொடுக்க, செய்பவரும் விற்பவரும் பழுது பார்ப்பவரும் ஒரே ஆளாகிய அந்த ஏற்பாடு பின்வந்த பல விளையாட்டுகளுக்கு வசதியான வழக்கமாக நிலைத்தது.

கடந்த காலத்தை இளம் வாசகர்கள் பலர் நூல்களைவிட விளையாட்டுகள் வழியாகவே முதலில் சந்திக்கும் இக்காலத்தில், அந்த வழக்கம் எதை மறைக்கிறது என்று கேட்பது பயனுள்ளது. ஐரோப்பாவிலேயே கூட எட்சியோ காணும் கடை அரிதானது. நகரங்களில் அலகு அடிப்பவர், பிடியும் உறையும் பொருத்துபவர், தகட்டுக் கவசம் செய்பவர் என்று தொழில்கள் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித் தொழிற்சங்கத்தின் விதிகளுக்கு உட்பட்டிருந்தன. கவசத்துக்குப் பேர்போன நகரமாக மிலான் விளங்க, அங்கே செய்யப்பட்டவற்றைத் தொலைவூர்களுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள் வணிகர்கள். 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிராத்தோ நகரைச் சேர்ந்த பிரான்செஸ்கோ தாத்தினி பிரான்சின் அவிஞ்ஞோனில் ஆயுதமும் கவசமும் விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தார். அவர் உலையருகே நின்ற கொல்லர் அல்லர், கணக்கேடும் கடிதமும் கையிலிருந்த வியாபாரி.

இலங்கையின் நிலைமை இதிலிருந்தும் பெரிதும் வேறுபட்டது. அதை நேரிற் கண்டு எழுதிய ஒருவரின் சாட்சியமும் இருக்கிறது. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்து, 1679இல் தப்பிச்சென்ற ஆங்கிலேயக் கடலோடி றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில் ஊர்க் கொல்லரைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளார். அவர் காட்டும் பட்டறைக்குள் விற்பனைக்கென்று அடுக்கிய பொருள் எதுவும் இல்லை. வேலை வேண்டியவர் இரும்பையும் கரியையும் தாமே சுமந்துகொண்டு வரவேண்டும். கொல்லர் முக்காலியில் அமர்ந்திருப்பார். பட்டடைக்கல் அவருக்கு முன்னும், உலை அவரது இடக்கைப் பக்கத்திலும் இருக்கும். வலக்கையில் ஒரு சிறு சுத்தியல். துருத்தி ஊதுவது வந்தவரின் வேலை. இரும்பு சிவந்ததும் கொல்லர் அதைக் குறட்டாற் பிடித்துக் கொடுக்க, பெருஞ் சம்மட்டியை ஓங்கி அடிப்பதும் வந்தவரே. கொல்லர் இருந்த இடத்தை விட்டு எழாமல், இடையிடையே தம் சிறு சுத்தியலால் தட்டி உருவத்தைத் திருத்துவார். அராவ வேண்டியிருந்தால் முதலில் வந்தவர் அதைக் கல்லில் தேய்த்து இயன்றவரை சரிசெய்து தரவேண்டும்; எஞ்சிய நுண்வேலையைத்தான் கொல்லரின் அரம் செய்யும்.

இத்தனை மிடுக்குக்குக் காரணத்தையும் நொக்ஸ் சொல்கிறார். ஒவ்வொரு கொல்லருக்கும் உரிய ஊர்கள் வரையறுக்கப்பட்டிருந்தன. அவ்வூரார் வேறொரு கொல்லரிடம் போகக் கூடாது, பிறர் எல்லைக்குட்பட்டவருக்கு வேலை செய்த கொல்லர் அதற்குரிய கொடுப்பனவைச் செலுத்த வேண்டும். கலப்பைக்கொழு, மண்வெட்டி, கத்தி முதலிய வழக்கமான வேலைகளுக்குக் கூலி அப்போதைக்கப்போது காசாகக் கைமாறவில்லை. அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு குடியும் குறித்த அளவு தானியம் அளந்தது. வழமைக்கு மேற்பட்ட வேலை என்றால் அதற்குத் தனியாக ஏதேனும் கொண்டுவந்து கொடுத்துக் கேட்கவேண்டும். பேரம் பேசி, விலை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகும் சுதந்திரம் விளையாட்டு நாயகனுக்கு உண்டு. கண்டிக் குடியானவருக்கு அது இல்லை. அதேபோல, தம் ஊர்க் குடிகளை விட்டுவிட்டுக் கூடுதலாகக் கொடுப்பவருக்கு வேலை செய்யும் சுதந்திரம் கொல்லருக்கும் எளிதில் வாய்க்கவில்லை.

அந்தப் பட்டறையில் வாடிக்கையாளர் காத்திருந்தே ஆகவேண்டும் என்பதற்கு நொக்ஸ் ஒரு கதையையே பதிவு செய்திருக்கிறார். முற்காலத்தில் உயர்குடியினர் கொல்லர் வீடுகளில் உணவுண்ணும் வழக்கம் இருந்ததாம். ஒருநாள் கருவிகளைச் செப்பனிட வந்த உயர்குடியினர் சிலர் நெடுநேரம் காத்திருக்க, உணவு வேளை வந்ததும் கொல்லர் அவர்களைப் பட்டறையிலேயே விட்டு வீட்டுக்குள் போய், அவர்களும் வந்து பந்தியில் அமர்ந்துவிடக் கூடும் என்று அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டாராம். பசியோடிருந்தவர்கள் அதைப் பெரும் அவமதிப்பாகக் கொண்டு ஊரெங்கும் சொல்ல, அன்றுமுதல் கொல்லர் குலத்தார் வீட்டில் தாம் உண்பதில்லை என்று உயர்குடியினர் தீர்மானித்தனர் என்பது கதை. சாதிப் படிநிலையை நியாயப்படுத்தப் பின்னர் புனைந்த கதையாகவே இது தெரிகிறது. ஆயினும் தட்டார், கொல்லர், தச்சர், ஓவியர் ஆகியோர் ஒரே தரத்தினராய், தமக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இல்லாத உரிமையாக முக்காலியில் அமரும் உரிமை பெற்றிருந்தார்கள் என்ற செய்தியோடு சேர்த்துப் படிக்கும்போது, இல்லாமல் முடியாதவர் என்ற மதிப்பும் சமமானவர் அல்லர் என்ற ஒதுக்கமும் ஒரே மனிதர்மேல் எவ்வாறு படிந்திருந்தன என்பதை இது காட்டிவிடுகிறது.

தமிழ்ப் பகுதிகளின் அமைப்பும் இதற்குத் தொலைவானதன்று. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் கொல்லர், தச்சர், தட்டார், கன்னார், சிற்பர் ஆகிய ஐந்தொழிலாளர் கம்மாளர் என்ற பெயரில் ஒன்றாக எண்ணப்பட்டனர்; ஊர்க் கொல்லருக்கும் தச்சருக்கும் களத்துமேட்டில் நெல் அளக்கும் வழமை அண்மைக்காலம் வரை இருந்தது.

இவ்வாறு ஊர்ப் பட்டறை ஏர்க்கருவிகளின் இடமென்றால், ஆயுதங்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எழுகிறது. கண்டி இராச்சியத்தில் நிலம் வைத்திருப்போர் அதற்கு ஈடாக அரசுக்குச் சேவை செய்யக் கடமைப்பட்டிருந்தனர். இச்சேவை முறை இராசகாரியம் எனப்பட்டது. கொல்லர் முதலான கைவினைஞரை நிர்வகிக்கக் ‘கொத்தல்பத்த’ என்ற தனிப் பிரிவு இருந்தது. இதற்கு மேலாக, அரண்மனைக்கெனப் ‘பட்டல் ஹத்தர’ என்ற நான்கு பட்டறைகள் இயங்கின. ஒன்று பொன்வாளுக்கு, ஒன்று அணிகலனுக்கு, ஒன்று சிம்மாசனத்துக்கு, ஒன்று முடிக்கு என்று பெயர்பெற்ற அவற்றிற் பணியாற்றிய குடும்பங்களுட் சில தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களாகத் தம் பரம்பரையைக் கூறிக்கொண்டன. அங்கே செய்யப்பட்ட வாள் சந்தைக்குப் போகவில்லை. அது அரசனுக்குப் போய், அரசனிடமிருந்து பதவியோடு சேர்த்துப் பிரதானிகளுக்குப் பரிசாக இறங்கியது.

இலங்கைத் தேசியக் கொடியிற் சிங்கம் ஏந்தியிருக்கும் ‘கஸ்தானை’ என்ற வாள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சற்றே வளைந்த குறுகிய அலகும், சிங்க முகமோ மகர முகமோ செதுக்கிய பிடியும், வெள்ளியும் பொன்னும் இழைத்த வேலைப்பாடும் கொண்ட அது, போர்க்களத்துக்கான கருவியாக இருந்ததைவிட இன்னார் இன்ன பதவியினர் என்று அறிவிக்கும் சின்னமாகவே அதிகம் விளங்கியது. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் முதலியார்களுக்கு வாள் வழங்கும் வழமையைத் தொடர்ந்தனர். பொற்காசு கொடுத்து மேலான வாளை வாங்குவதால் நாயகன் வலிமை பெறுகிறான் என்பது விளையாட்டின் கணக்கு. கண்டியில் ஒருவர் மேலான வாளைப் பெற்றது அவர் ஏற்கனவே வலிமை பெற்றுவிட்டதன் அடையாளம்.

கவசத்தைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் பெரியது. 1505 அளவில் போர்த்துக்கேயர் கொழும்புத் துறையில் இறங்கியபோது, இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் அணிந்த வெள்ளையர் வந்திருப்பதாகக் கோட்டை மன்னனுக்குச் செய்தி போனதை ‘இராசாவலிய’ என்ற சிங்கள வரலாற்று நூல் கூறுகிறது. உடல் முழுவதும் இரும்பு என்பது இங்கே வியந்து அறிவிக்கப்பட வேண்டிய காட்சியாக இருந்தது. வெக்கையும் மழையும் அடர்காடும் கணவாய்களும் நிறைந்த நாட்டில், மறைந்திருந்து தாக்கி விலகும் போர்முறைக்குக் கனத்த தகடு பகையே தவிரத் துணையன்று. மார்புக்கவசம் விற்கும் கொல்லர் கடையொன்றை இலங்கைக் களத்தில் வைக்கும் விளையாட்டு இந்தக் காலநிலையையும் நிலத்தையும் சேர்த்தே மறந்துவிடும்.

கவசத்தைப் புறக்கணித்த இத்தீவின் கொல்லர்கள் துப்பாக்கியைப் புறக்கணிக்கவில்லை. போர்த்துக்கேயர் வரும்போது தீவில் ஒரு துப்பாக்கி கூட இருக்கவில்லை என்றும், ஓயாத போர்களின் வழியே சிங்களவர் அதைக் கற்றுப் போர்த்துக்கேயரின் துப்பாக்கிகளை விஞ்சுபவற்றையே செய்யத் தொடங்கினர் என்றும் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகு து கூத்து எழுதியிருக்கிறார். பகைவர் கையால் எழுதப்பட்ட இந்தப் பாராட்டுக்குத் தனி எடை உண்டு. நீண்ட குழலும், கவட்டை போற் பிரிந்த அடிக்கட்டையும், பெரும்பாலான நாடுகளின் துப்பாக்கிகளுக்கு மாறாக இடப்பக்கத்தில் அமைந்த விசையும் இலங்கைத் துப்பாக்கியின் அடையாளங்கள். கட்டைமீது தந்தமும் வெள்ளியும் இழைத்துக் கொடிக்கோலம் ஓடவிட்டிருப்பார்கள். அத்தகைய ஒன்றை முடிக்கக் கொல்லர், மரவேலைக்காரர், வெள்ளி வேலைக்காரர், தந்தவேலைக்காரர் எனப் பல கைகள் வேண்டும். விளையாட்டுக் கொல்லரின் ஒற்றைக் கைக்கு அது அடங்காது.

இத்தனைக்கும் அடியில் இரும்பு என்ற மூலப்பொருள் இருக்கிறது. விளையாட்டுகள் மிகக் குறைவாகக் காட்டுவதும் அதைத்தான். இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடைப் பக்கத்திலுள்ள சமனலவெவ பகுதியில் நீர்த்தேக்கம் அமைக்கப்படுவதையொட்டி நடந்த ஆய்வில், தொல்லியலாளர் கில் ஜூலெஃப் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக உருக்குலைகளைக் கண்டறிந்தார். துருத்தி இல்லாமல், யூன் முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே அவை எரிந்தன. பின்சுவர் நிலையானது, களிமண் முன்சுவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படும், முன்சுவரைத் தாண்டி விரையும் காற்று அதன் பின்னால் அழுத்தத்தைக் குறைப்பதால், அடியிலுள்ள மட்குழாய்கள் வழியே காற்று உள்ளே இழுபடும். இப்படிப்பட்ட உலை வேலை செய்யாது என்று எண்ணியிருந்த அறிஞர்களுக்கு விடையாக, அதே வடிவில் உலை கட்டி அதே சரிவில் எரித்துக் கரிச்சத்து மிகுந்த உருக்கையே எடுத்துக் காட்டிய அவரது முடிவுகள் 1996 சனவரியில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியாயின. பெரும்பாலான உலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. அக்காலத்தின் நடுவே, 9ஆம் நூற்றாண்டுப் பக்தாத்தில் வாழ்ந்த தத்துவஞானி அல்-கிந்தி, வாள்களைப் பற்றிய தம் நூலில் சரந்தீப், அதாவது இலங்கை, உருக்கையும் ஒரு தனி வகையாகக் குறிப்பிடுகிறார். இலங்கையின் இரும்பு உலகச் சந்தைக்குப் போனது உண்மை. போனது உருக்காக, வணிகர் கைவழியாக.

அந்த அறிவின் கடைசி ஆட்களைச் சந்தித்து எழுதிவைத்தவர் கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள அளவைப் பணிப்பாளராக இருந்த அவர், பாறைகளைத் தேடிப் போன வழிகளிற் கைவினைஞரைக் கண்டு, பலாங்கொடைப் பகுதியில் இரும்புருக்கும் முறையையும் உருக்கு ஆக்கும் முறையையும் செய்யச் சொல்லிப் பார்த்துப் பதிவுசெய்தார். 1908இல் வெளியான ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற அவரது பெருநூல் கண்டிக் கொல்லரையும் அவர்தம் நிலவுரிமை, கடமை, கருவிகள் ஆகியவற்றையும் அறிய இன்றும் முதன்மையான வழி. அதற்குள் கப்பலில் வந்திறங்கிய மலிவான ஐரோப்பிய இரும்பு உள்ளூர் உலைகளை ஏறக்குறைய அணைத்துவிட்டிருந்தது. தொழிலை நேரடியாக அறிந்த முதியவர்கள் ஒருசிலரே எஞ்சியிருந்த வேளையில் ஒரு தமிழறிஞரின் மகன் அங்கே போய்ச் சேர்ந்தது இத்தீவின் நல்வாய்ப்பு.

வந்திறங்கிய அந்த இரும்பின் வழித்தடம் கொழும்பில் இன்றும் தெரிகிறது. 1656இல் போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டுக் கொண்டிருந்தபோது உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஜெராட் ஹல்ஃப்டின் பெயரால் ஹல்ஸ்டோப் என்றும் வழங்கும் புதுக்கடை, நீதிமன்றங்களுக்காகவே வெளியூராருக்குத் தெரிந்த இடம்; ஆனால் அதன் பக்கத்திலுள்ள பழைய சோனகத் தெரு இரும்புச் சாமான் கடைகளுக்குப் பேர்போனது. மண்வெட்டி, கோடரி, கத்தி, சம்மட்டி, கம்பி, ஆணி எல்லாம் வாயிலுக்கு வெளியே வரையும் அடுக்கி, விலை சொல்லி, பேரம் பேசி விற்கப்படுகின்றன. விளையாட்டில் வரும் கொல்லர் கடையின் உண்மையான உறவினர் பட்டறை அன்று, இத்தகைய கடைதான். செய்தவர் யார் என்று வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் சொல்லவேண்டியதில்லை. கிராமங்களில் எஞ்சியுள்ள கொல்லர்களோ லொறியின் பழைய வில்தகட்டை வெட்டி எடுத்து, அதைக் காய்ச்சி அடித்துக் கத்தியாக்குகிறார்கள்.

விளையாட்டுகள் இந்த உண்மையை நெருங்கவே முடியாதவை என்று சொல்வதும் நியாயமாகாது. செக் குடியரசின் வார்ஹோர்ஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ 1403ஆம் ஆண்டுப் பொகீமியாவில் ஒரு கொல்லரின் மகனை நாயகனாக்கியது. அதன் தொடக்கத்தில் தந்தை ஊர்ப் பிரபுவுக்காக ஒரு வாள் செய்துகொண்டிருக்கிறார். மகன் கரி வாங்கப் போகவேண்டும், அதற்குக் காசு வேண்டுமென்றால் கோடரியும் சுத்தியலும் ஆணியும் கடனாக வாங்கியவரிடம் போய் நிலுவையை வசூலிக்கவேண்டும், வாளின் கைக்காப்புப் பகுதி வேறிடத்திற் செய்யப்பட்டு வந்திருப்பதால் அதைக் கோட்டைக்குப் போய்ப் பெற்றுவர வேண்டும். கரி, கடன், பிரபுவின் கட்டளை, பிறர் செய்த உறுப்பு என்று நான்கே வேலைகளில் ஒரு கொல்லரின் உலகம் விரிந்துவிடுகிறது. 2025 பெப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் ஆடுபவரே இரும்பைக் காய்ச்சி, திருப்பித் திருப்பி அடித்து, நீரில் தோய்த்து வாளாக்கலாம். அடி பிசகினால் பொருளின் தரம் குறையும். வேலையின் சிரமத்தை இவ்வளவு மதித்த விளையாட்டு வேறு அரிது.

கண்டியின் கதையைக் களமாக்க முனையும் விளையாட்டு வடிவமைப்பாளருக்கு இங்கே கிடைக்கும் சான்றுகள் குறைவல்ல. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டியிலிருந்து அள்ளிச் சென்று, பின்னர் ஆம்ஸ்டர்டாமின் றைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்த லெவ்கே திசாவையின் பீரங்கி, பொன்னாலும் வெள்ளியாலும் ஆன கஸ்தானைகள், பொற்கத்தி, இரண்டு பெரிய மதிற் துப்பாக்கிகள் ஆகிய ஆறு பொருள்கள் 2023 டிசம்பரில் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்துள்ளன. பீரங்கியில் வெள்ளியும் பொன்னும் மாணிக்கக் கற்களும் பதித்து, கண்டி அரசின் சூரியனும் பிறையும் சிங்கமும் பொறித்திருப்பதை எவரும் போய்ப் பார்க்கலாம். நொக்ஸின் பட்டறைக் காட்சியை அப்படியே எடுத்தால், விளையாடுபவர் கொல்லரிடம் காசை நீட்டமுடியாது. தம் எல்லைக்குரிய பட்டறை எது என்று அறிந்து, கரியும் இரும்பும் சுமந்துபோய், முறை வரும்வரை காத்திருந்து, துருத்தி ஊதி, சம்மட்டி அடித்துக் கத்தியைப் பெறவேண்டும். அதற்கான தானியத்தை அறுவடை முடிந்ததும் அளந்து கொடுக்கவேண்டும். பொன்வாள் வேண்டுமென்றால் பட்டறையை விட்டுவிட்டு அரசனின் நம்பிக்கையைத் தேடிப் போகவேண்டும்.